கொரங்காடும் மேய்க்காலும்: தமிழகத்தில் மேய்ச்சற்புல்லின் உரிமை வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பல்லாண்டு வாழும் வெப்பமண்டலப் புற்களை வளர்த்து அவற்றின்மேல் கால்நடை மேய்க்கும் முறை, தமிழகத்தில் காங்கயம் வட்டாரக் கொரங்காட்டில் இன்றளவும் ஓரளவு நிலைத்துள்ளது. கடலூர் மாவட்டம் கீரப்பாளையம் போன்ற நன்செய்ப் பகுதிகளிலோ ஊர்ப்பொது மேய்க்கால் பெரும்பாலும் பெயரளவில் மட்டுமே எஞ்சியுள்ளது. இவ்வேறுபாட்டை மழை, மண் ஆகியவற்றைக்கொண்டு மட்டும் விளக்க இயலாது. புல் எவ்வகை நிலமாகப் பதிவுபெற்றது என்பதும் காரணமாகும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கொரங்காடு, கொழுக்கட்டைப்புல், அருகு, மேய்க்கால் புறம்போக்கு, காங்கயம் மாடு, வீராண ஆயக்கட்டு

முன்னுரை

2017 சனவரியில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்திற்குப் பின்னர் நாட்டுமாடு பற்றிய எழுத்து தமிழில் பெருகியது. காங்கயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர் முதலிய இனப்பெயர்கள் நகரத்தாருக்கும் அறிமுகமாயின. காளையின் திமிலையும் கொம்பையும் பேசிய அவ்வெழுத்துகளில் காளை தின்ற புல்லைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. இலக்கிய ஆய்வுகளின் நிலையும் இதுவே. வெட்சி, கரந்தைத் திணைகளை முன்வைத்து ஆநிரை கவர்தலும் மீட்டலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நடுகற்கள் படிக்கப்பட்டுள்ளன. கவரப்பட்ட நிரை எந்தப் புல்லில் மேய்ந்தது, அந்தப் புல்நிலத்தைக் காத்தவர் யார் என்ற வினாக்கள் எழுப்பப்படவில்லை. புல் தானே முளைப்பது. எனவே அதற்கு வரலாறு இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம்.

இந்த எண்ணம் பிழையானது என்பதற்குக் கொரங்காடு நேர்ச்சான்று. அங்குப் புல் காக்கப்படுகிறது, முறைவைத்து மேய்க்கப்படுகிறது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு உடைமையாளர் உண்டு, வேலி உண்டு, தீர்வையும் உண்டு. கொரங்காட்டை விளங்கிக்கொண்ட பின்னரே, அதைப் போன்றதோர் அமைப்பு காவிரி, வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய நன்செய் ஊர்களில் ஏன் உருவாகவில்லை என்பதை வினவமுடியும்.

சொல்வழக்கில் புல்லும் மன்றும்

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடைய பனை, தெங்கு முதலியவற்றையே புல் என்னும் வகையில் அடக்குகிறது. ஆகவே இலக்கணநூலின் 'புல்' மேய்ச்சற்புல்லுக்கு உதவாது. அதைவிடப் பயனுள்ள சான்று செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் கிடைக்கிறது. சோழர்காலச் செப்பேடுகள் ஊர் ஒன்றைக் கொடையாக வழங்கும்போது அவ்வூரின் உறுப்புகளை வரிசையாகச் சொல்லும். அவ்வரிசையில் குளம், கேணி, புற்று ஆகியவற்றோடு மன்று, கன்றுமேய்பாழ் என்னும் இரண்டும் இடம்பெறுவதுண்டு. கன்று மேயும் நிலத்தைப் 'பாழ்' என்று சுட்டியிருப்பது கவனிக்கத்தக்கது. உழாத நிலம் பாழ் என்னும் உழவர் நோக்கு அச்சொல்லில் படிந்துள்ளது. ஆயினும் அந்தப் பாழ் எண்ணப்பட்டது. கொடைபெற்றவரின் உரிமைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிற்காலத் தரிசு அத்தகைய தகுதியைப் பெறவில்லை.

மன்று என்னும் சொல்லுக்கு அவை, அறங்கூறும் இடம், மாட்டுத்தொழு, பசுமந்தை எனப் பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. தில்லைக் கூத்தன் ஆடும் அம்பலத்துக்கும் அதுவே பெயர். கல்வெட்டுகளில் மன்றாடி என்போர் கோயில் விளக்குக்கு விடப்பட்ட ஆடுமாடுகளைப் பேணிய இடையர். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளின்படி ஒரு நந்தாவிளக்குக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 விடப்பட்டன. விளக்கொன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கும் பொறுப்பு அவற்றைப் பெற்ற இடையருடையது. இக்கணக்கு, கால்நடையைச் சாவா மூவா முதலாகக் கருதியது. முதல் குறையாமல் வட்டி வரவேண்டுமாயின் மேய்ச்சல் குறையாதிருக்கவேண்டும். கல்வெட்டுகள் மாட்டையும் நெய்யையும் அளந்து எழுதின. புல்லுக்கு அத்தகைய அளவு எதையும் எழுதவில்லை. கொங்குநாட்டில் காங்கயம் மாட்டின் வளர்ச்சியோடு இணைத்துப் பேசப்படும் பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினரின் பட்டமும் மன்றாடியார் என்பதே. பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டு இவ்விரண்டுக்கும் உறவு நிறுவ இயலாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நன்று.

கொரங்காடு

இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர்ப் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய ஈரோடு, கரூர் மாவட்டப் பகுதிகளிலும் கொரங்காடு காணப்படுகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இந்நிலத்தில் மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதே பெருமழை. சித்திரையையொட்டி வரும் கோடைமழை அடுத்தது. சரளை கலந்த செம்மண்ணில் ஆண்டுதோறும் பயிர் எடுப்பது இழப்பில் முடியும். அந்நிலத்தைப் பயிருக்கு வற்புறுத்தாமல் புல்லுக்கு ஒதுக்கியதே கொரங்காட்டின் அடிப்படை.

அமைப்பு மூன்று அடுக்கினது. தரையில் கொழுக்கட்டைப்புல், மேலே ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி. கொழுக்கட்டைப்புல்லைச் செங்க்ரசு சிலியாரிசு எனத் தாவரவியலார் வழங்குவர். தூர்கட்டி வளரும் இப்புல் ஆழ வேரோடும். வறட்சியில் மேற்பகுதி காய்ந்தாலும் தூரில் உயிர் தங்கும். மழை விழுந்த சில நாள்களில் மீண்டும் தளிர்க்கும். வெயில் மிக்க நிலத்தில் குறைந்த நீரைக்கொண்டு மிகுந்த தழை ஆக்கும் ஒளிச்சேர்க்கை முறை இப்புல்லுக்கு உண்டு. கம்பு, சோளம், கரும்பு ஆகியனவும் அம்முறையினவே. நின்ற நிலையில் காய்ந்த பின்னும் மாடு இதை விரும்பித் தின்னும் என்பது தை தொடங்கி ஆனி வரையிலான நீண்ட வறண்ட காலத்தில் பெரிதும் உதவுகிறது. புல்லினிடையே நரிப்பயறு முதலிய பயற்றினக் கொடிகளும் தாமாக வளர்கின்றன.

வெள்வேலம் கோடையில் காய் உதிர்க்கும். புல் மிகக் குறைந்திருக்கும் பருவத்தில் அக்காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் சத்துணவாகிறது. இம்மரத்தின் பட்டைக்கு வேறொரு பயனும் இருந்தது: சாராயம் காய்ச்சுவோர் அதைத் தேடினர். பட்டைச்சாராயம் என்னும் சொல் அதன் எச்சம். மூன்றாம் உறுப்பாகிய கிளுவை, மழைக்காலத்தில் போத்து நட்டு உண்டாக்கப்படுவது. முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டபின் ஆடும் புகாது. காடுகளின் வேலிகளுக்கு இடையே செல்லும் வழி இட்டேரி எனப்படும். ஓணான், கீரி, பறவையினம், மூலிகை என்று தனியுலகமாக விளங்கும் இட்டேரியைப் பற்றிக் கொங்கு எழுத்தாளர் பலர் எழுதியுள்ளனர். கொரங்காட்டு ஆய்வில் அதன் இடம் வேறு: அடுத்தவர் காட்டில் இறங்காமல் மாட்டை ஓட்டிச்செல்ல உதவும் வழி அது. வேலியும் வழியும் சேர்ந்தே மேய்ச்சலை முறைப்படுத்தின.

வேலி மாட்டை உள்ளே நிறுத்துவது போலவே வெளியேயும் நிறுத்துகிறது. மேய்ச்சல் முறையின் முழு நுட்பமும் இதில் அடங்கியுள்ளது. ஒருவருக்குப் பல துண்டுக் காடுகள் இருப்பின், ஒன்றில் மேய்த்து மற்றொன்றை ஆற விடலாம். மழைக்குப்பின் தளிர்க்கும் புல்லை உடனே மேயவிட்டால் தூர் இளைத்துவிடும். விதை பழுக்கும்வரை விட்டால் அடுத்த தலைமுறை மண்ணில் விழும். வேலியில்லாப் பொதுநிலத்தில் ஒருவர் ஆறப்போட்டாலும் மற்றவர் மாடு வந்து தின்னும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, புல் தளர்ந்த காட்டை உழுது கம்போ கொள்ளோ விதைப்பதும் உண்டு. அவ்வுழவு பயிருக்காக மட்டும் செய்யப்படுவதன்று. இறுகிய மண்ணைத் திறந்து, புதைந்து கிடக்கும் புல்விதையை எழுப்புவதற்காகவும் செய்யப்படுவது.

இக்காட்டில் வளர்ந்தவை காங்கயம் மாடும் மயிலம்பாடி ஆடும். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாய் இருந்து, சில திங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் முன்னுடலும் கருக்கும். நிறத்தை வைத்து மயிலை, காரி, செவலை எனப் பெயரிடுவர். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தைத் தெரிவுமுறையில் மேம்படுத்தியவராகக் குறிப்பிடப்படுகிறார். 1909இல் சென்னை வேளாண்துறை வெளியிட்ட கன் என்பவரின் தென்னிந்திய மாடுகள் பற்றிய நூலும், 1936இல் வெளிவந்த லிட்டில்வுட்டின் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலும் இவ்வினத்துக்கு முதன்மை இடம் தருவன. 1887இல் நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடும் இவ்வகையில் இன்றியமையாதது. அண்மைக்காலத்தில் மதுரையைச் சேர்ந்த சேவா அமைப்பும், குட்டப்பாளையத்திலுள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையமும் கொரங்காட்டை ஆவணப்படுத்தியும் பரப்பியும் வருகின்றன.

இங்கு ஒரு மறுப்பு தேவைப்படுகிறது. இந்திய மாடுகள் மனிதருக்குப் பயன்படாத வைக்கோல், தவிடு, வழியோரப் புல் ஆகியவற்றையே தின்கின்றன; நிலத்துக்காக மனிதரோடு போட்டியிடுவதில்லை என்று மார்வின் ஆரிசு 1966இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வாதிட்டது. நன்செய் ஊர்களுக்கு இது பெரிதும் பொருந்தும். கொரங்காட்டுக்குப் பொருந்தாது. அங்கு உழவர் தம் பட்டா நிலத்தையே மாட்டுக்கு ஒதுக்கினர். அதற்குத் தீர்வையும் செலுத்தினர். ஒரே மாநிலத்துக்குள் இருவேறு மாட்டுப் பொருளியல்கள் இயங்கின. பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்கு உழவர் சமூகம் பற்றிய நூலும், கிறிசுடோபர் பேக்கர் 1984இல் தமிழக நாட்டுப்புறத்தை ஆற்றுப்படுகை, சமவெளி, கொங்கு என மூன்றாகப் பகுத்த நூலும் இவ்வேறுபாட்டுக்குப் பின்புலம் அமைத்துள்ளன. அவ்விரு நூல்களையும் புல்லை முன்வைத்து மீண்டும் படிக்கவேண்டியுள்ளது.

பட்டாவும் புறம்போக்கும்

இரயத்துவாரி முறையில் நிலம் மூன்றாகப் பிரிந்தது. ஒருவர் பெயரில் பதிவாகித் தீர்வை செலுத்தப்படுவது பட்டா நிலம். ஊரின் பொதுத் தேவைக்கு விடப்பட்டது புறம்போக்கு. எவருக்கும் ஒதுக்கப்படாதது தரிசு. பட்டா நிலத்தில் உழவர் எதை வளர்த்தாலும், ஒன்றும் வளர்க்காமல் விட்டாலும் தீர்வை உண்டு. இதனால் புன்செய்ப் பட்டாவில் புல் வளர்ப்பதற்குச் சட்டத்தடை எதுவும் எழவில்லை. தீர்வை குறைவாக இருந்தவரை அது கட்டுபடியானது. கொரங்காடு என்னும் பெயர் பதிவேட்டில் இடம்பெறவில்லை. ஆனால் அந்நிலம் ஒருவரின் உடைமையாகப் பாதுகாக்கப்பட்டது. காலனிய வருவாய்த்துறை புல்லை மதித்ததால் கொரங்காடு பிழைக்கவில்லை. பட்டாவுக்குள் புல் மறைந்து நின்றதால் பிழைத்தது.

நன்செய் ஊர்களில் புல் மறைய இடமில்லை. நன்செய்த் தீர்வை புன்செய்யைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆகவே அங்கு எவரும் பட்டா நிலத்தில் புல் வளர்க்க நினையார். மாட்டுக்கென விடப்பட்டது மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியுமே. இவை களம், வண்டிப்பாதை, சுடுகாடு ஆகியவற்றோடு ஒரே இனத்தில் வைத்து எண்ணப்பட்டன. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் பிறர் பயிரில் இறங்கிய மாட்டைப் பவுண்டில் அடைக்க வழிசெய்தது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் புறம்போக்கில் நுழைந்தவரிடம் தண்டம் வசூலிக்கவும் அவரை வெளியேற்றவும் அதிகாரம் தந்தது. முதற்சட்டம் பயிரைக் காத்தது. இரண்டாவது அரசின் உடைமையைக் காத்தது. மேய்க்காலில் புல் வளர்கிறதா என்று கேட்கும் சட்டம் எதுவும் இவ்வரிசையில் இல்லை. விடுதலைக்குப்பின் 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1994ஆம் ஆண்டின் சட்டமும் மேய்ச்சல் நிலம் உள்ளிட்ட புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் வைத்தன. 2011 சனவரி 28 அன்று உச்சநீதிமன்றம் செகபால் சிங் வழக்கில் ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்களுக்கு ஆணையிட்டது. இவையெல்லாம் நிலத்தின் எல்லையைப் பற்றியவை. அதில் மேயும் முறையைப் பற்றியவை அல்ல.

கீரப்பாளையம் வட்டாரம்

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு செல்லும் சாலையில் கீரப்பாளையம் உள்ளது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமான இவ்வூரைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் வீராண ஏரிப் பாசனத்தைச் சார்ந்தது. முதற்பராந்தகன் காலத்தில் அவனது வீரநாராயணன் என்னும் பெயரால் அமைந்த ஏரி அது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபின் வடவாற்றின் வழி ஏரிக்கு நீர்வரத்து உறுதிப்பட்டது. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் காவிரி நீர் மேலும் ஒழுங்குபட்டது. நீர் உறுதிப்பட்டபோது நெல் விரிந்தது. நெல் விரிந்தபோது புல் வரப்புக்கு ஒதுங்கியது.

இவ்வட்டாரத்தின் பல்லாண்டுப் புல் அருகு. தரைமேல் ஓடுதண்டும் தரைக்கீழ்க் கிழங்குத்தண்டும் கொண்டு கணுதோறும் வேர்விடும் இப்புல், வெள்ளத்தையும் உவரையும் தாங்கும். மண்ணோடு ஒட்ட மேய்ந்தாலும் மீளும். கொழுக்கட்டைப்புல்லுக்கு ஓய்வு வேண்டும். அருகுக்கு அதுவும் பெரிதாக வேண்டா. வேலியற்ற, முறையற்ற மேய்ச்சலைத் தாங்கும் புல் நன்செய் வரப்பில் அமைந்தது இயற்கையின் உதவி எனலாம். விநாயகருக்கு உகந்ததாகவும், வாழ்த்துகளில் வேரூன்றித் தழைத்தலுக்கு உவமையாகவும் அமைந்த இதே புல், வயலுக்குள் பாய்ந்தால் உழவருக்குக் களை. தென்கிழக்கே நாகை, திருவாரூர்க் கடலோரத்தில் உம்பளச்சேரி இனம் உருவானதற்கு உவர்நிலத்து அருகையும் ஒரு காரணமாகக் கூறுவர். சேற்றுழவுக்கு ஏற்ற சிறிய, உறுதியான மாடு அது.

நன்செய் மேய்ச்சல் இடத்தைவிடக் காலத்தைச் சார்ந்து அமைந்திருந்தது என்பது இக்கட்டுரையின் முதன்மையான கருத்துகளுள் ஒன்று. சம்பா அறுவடை தையில் முடிந்ததும் வயல் முழுவதும் பொதுமேய்ச்சலாயிற்று. பட்டா ஒருவருடையதாயினும் தாள் மேய்தலை எவரும் தடுக்கவில்லை. இராமநாதபுரம் பகுதிக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளுடன் வந்து கிடை போட்டனர். கிடைமாட்டுக்காரர் மாட்டை வயலில் கட்டினர். நிலவுடைமையாளருக்கு எரு, மந்தைக்காரருக்குக் கூலியும் மேய்ச்சலும். நிலமில்லாதவரின் மாடும் ஆடும் இந்த மாதங்களில்தான் வயிறார மேய்ந்தன. அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட காலமே கழனி மக்களின் மேய்க்கால்.

இக்காலம் இருபுறமும் சுருங்கியது. சம்பா அறுவடைக்கு முன்பே ஈரவயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது வழக்கமானபோது, பங்குனி வரை மாடு வயலில் இறங்க முடியாதாயிற்று. 1960களின் குறுகியகால நெல்வகைகள் குறுவையைப் பரப்பியபோது மறுமுனையும் குறுகியது. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்தபின் கரும்பும் சில வயல்களை ஆண்டுமுழுதும் பிடித்துக்கொண்டது. கரும்புத் தோகை மாட்டுக்குக் கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் அது கரும்புக்காரரின் மாட்டுக்கு. எந்தச் சட்டமும் இயற்றப்படாமல், எந்த நிலமும் ஆக்கிரமிக்கப்படாமல், ஒரு பொதுவுரிமை காலண்டரிலிருந்து மறைந்தது. புறம்போக்கு ஆக்கிரமிப்பையே மேய்ச்சல் இழப்பின் முழுக் காரணமாகக் காட்டும் ஆய்வுகள் இதைக் காணத் தவறுகின்றன.

இதன் சுமை வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் புல்லறுக்கும் பெண்கள்மேல் விழுந்தது. நடவும் களையெடுப்பும் முடித்துத் திரும்பும் வேளையில் ஒரு கட்டுப் புல்லோடு திரும்புவது கூலியோடு சேர்ந்த உரிமைபோல் இருந்தது. உடைமையாளரின் இசைவைச் சார்ந்ததாகவும் இருந்தது. இசைவு மறுக்கப்பட்டால் கேட்க வழியில்லை. வரப்புக்கும் களைக்கொல்லி தெளிக்கப்படும் இக்காலத்தில் அந்த இசைவுக்கே பொருளில்லாமற் போகிறது. 2011இல் தமிழக அரசு ஊரக ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவைமாடும் வெள்ளாடு, செம்மறியும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மாடு கிடைத்தது, புல்லுக்கு நிலம் கிடைக்கவில்லை. தீவனப்புல் வளர்க்க வழங்கப்பட்ட உதவிகள் பாசனநிலம் உடையோருக்கே பயன்பட்டன. மேய்க்காலை மாட்டின் பெயரால் அன்றி, நிலமற்றோரின் பெயரால் பேசவேண்டிய தேவை இங்குத் தெளிவாகிறது.

அயல்நாட்டில் இதே புற்கள்

கொழுக்கட்டைப்புல்லும் அருகும் உலகின் இறைச்சிமாட்டுத் தொழிலில் பேரிடம் பெற்றவை. கொழுக்கட்டைப்புல்லின் ஆப்பிரிக்க வகைகள் ஆத்திரேலியாவின் குயின்சுலாந்திலும், அமெரிக்காவின் தெற்கு டெக்சாசிலும், வடமெக்சிகோவிலும் பரந்த மேய்ச்சல் நிலங்களாயின. ஆத்திரேலிய உள்நாட்டுக்கு இப்புல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்டகச் சேணத்தின் திணிப்பில் ஒட்டிச் சென்றது என்பர். அருகைக் கொண்டு சியார்சியா மாநிலத்தின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய 'கோசுட்டல்' வகை 1943இல் வெளியாகி, அமெரிக்கத் தென்பகுதியின் மாட்டுப் பண்ணைகளை மாற்றியது. அதே பர்ட்டனின் டிஃப்ட் 23ஏ என்னும் கம்பு வழியினம் இந்தியாவுக்கு வந்து 1965இல் எச்பி 1 என்னும் வீரிய ஒட்டுக்கம்பு வெளிவரக் காரணமாயிற்று. அருகை மேம்படுத்தியவரிடமிருந்து இந்தியா கம்பைப் பெற்றது, அருகைப் பெறவில்லை. அருகுக்கு இங்குத் தேவை தோன்றவில்லை போலும். சென்ற இடமெல்லாம் சிறந்தன என்றும் சொல்ல இயலாது. அரிசோனாவின் சொனோரப் பாலையில் கொழுக்கட்டைப்புல் காட்டுத்தீயைப் பரப்பும் அயற்களையாகப் பிடுங்கி எறியப்படுகிறது.

அங்குப் புல் இறைச்சியாக மாறியது. கொரங்காட்டில் இழுவையாக மாறியது. காளைக்கன்றை வளர்த்து, கண்ணபுரம், அந்தியூர்ச் சந்தைகளில் விற்பதே கொரங்காட்டு வருவாய். உழவு, வண்டி, கவலை இறைத்தல் ஆகிய மூன்றும் அக்காளையின் விலையைத் தாங்கின. உழைத்து ஓய்ந்த மாடு பொள்ளாச்சிச் சந்தை வழியே கேரளத்துக்கு இறைச்சிக்குச் சென்றது. தோல் திண்டுக்கல், ஈரோடு தோற்பதனிடும் ஊர்களுக்குச் சென்றது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயது கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழ் பெற்று அறுக்க இடமளித்தது. இறைச்சி இவ்வமைப்பில் நோக்கமாக இருந்ததில்லை. ஆயினும் கடைசி வரவாக எப்போதும் இருந்தது. நாட்டுமாட்டைப் புனிதத்தின் வழியாக மட்டும் பேசும் எழுத்துகள் இக்கணக்கைத் தவிர்த்துவிடுகின்றன.

கவலை நின்றபின்

மின்னிறைப்பி வந்தபோது கவலைமாடு முதலில் வேலையிழந்தது. உழுபொறியும் சரக்கூர்தியும் எஞ்சியதை எடுத்துக்கொண்டன. கீழ்பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனங்கள் எட்டிய இடங்களில் கொரங்காடு தோட்டமாயிற்று. எட்டாத இடங்களில் நெசவாலை, காற்றாலை, மனைப்பிரிவு ஆகியவற்றுக்கு விலைபோயிற்று. பட்டாவாக இருந்ததால் காக்கப்பட்ட நிலம், பட்டாவாக இருந்ததாலேயே எளிதில் விற்கவும் பட்டது. தனியுடைமை புல்லைக் காக்கும் என்று முந்தைய பகுதியிலிருந்து முடிவுகட்டுவோர் இதையும் எண்ணவேண்டும். கொரங்காட்டின் உடைமை பெரிதும் ஒரு சில சமூகத்தாரிடம் இருந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆட்டுப்பட்டி வைத்திருந்த நிலமற்றோர் ஆண்டுக் குத்தகைக்கே அங்கு மேய்க்கமுடிந்தது. ஆனால் குத்தகை என்பது விலை தெரிந்த உறவு. கீரப்பாளையத்து வரப்பில் அறுக்கும் புல்லுக்கு விலை எழுதப்படவில்லை. அதனால் அது பறிபோனதும் எழுதப்படவில்லை.

வேளாண் பல்கலைக்கழகம் கொழுக்கட்டை இனத்தில் கோ 1 என்னும் நீலக்கொழுக்கட்டை வகையை மானாவாரி மேய்ச்சலுக்கென வெளியிட்டது. எனினும் பரவலாகப் பரவியது பாசனத்தில் வளரும் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல். இது மேய்வதற்குரியதன்று, அறுத்து, நறுக்கி, தொழுவத்தில் போடுவதற்குரியது. கலப்பினக் கறவைமாட்டுக்கும் கூட்டுறவுப் பால் நிலையத்துக்கும் இப்புல் பொருந்தியது. மாடு புல்லிடம் சென்ற முறை மாறி, புல் மாட்டிடம் வரும் முறை நிலைபெற்றது.

நன்செய்ப் பகுதியில் இம்மாற்றம் வைக்கோலில் தெரிகிறது. கையறுப்பின் காலத்தில் வைக்கோல் போர் களத்திலேயே நின்றது. ஒரு பகுதி ஊர் மாட்டுக்குக் கிடைத்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் தாள் வயலிலேயே சிதறியது. இப்போது கட்டும் இயந்திரம் அதை உருளைகளாகச் சுருட்டுகிறது. தை, மாசியில் சுமையுந்துகள் வயலோரம் வந்து நின்று, எண்ணி விலைபேசி அவ்வுருளைகளை ஏற்றிச் செல்கின்றன. அவை செல்லும் இடங்களுள் கேரளமும் மேற்கு மாவட்டங்களும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் கொரங்காட்டு மாட்டின் தொழுவத்திலும் அந்த வைக்கோல் விரிகிறது.